"குடிப்பாரா?"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி ஈரலுக்குள்ள ஒரு தடவை பாருங்க

ஒருத்தருக்கு லிவர் கேன்சர்னு கேள்விப்பட்டதும் நம்ம ஆளுங்க வாயில வர்ற முதல் கேள்வி "குடிப்பாரா?" தான். துக்கம் கேக்க வந்தவங்க கூட இதை விசாரிச்சிட்டுத்தான் உக்கார்றாங்க. இந்தக் கேள்வி மேல எனக்கு ரொம்ப நாளா கோவம் உண்டு. ஆனா இதுக்கு நேர் எதிரான ஒரு பேச்சும் எனக்கு ஒத்துக்கலை. ஒரு மீட்டிங்ல டீ குடிக்கும்போது சீனியர் டாக்டர் ஒருத்தர் சொன்னார், "எந்த வழியா வந்தா என்னங்க, வந்துட்டா கேன்சர் கேன்சர்தான், சைஸ் என்ன, எத்தனை கட்டி, ரத்தக்குழாய்க்குள்ள போயிருக்கா, அதைப் பாருங்க போதும்"னு. சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையாட்டினாங்க, எனக்கு மட்டும் அது மனசுல ஒட்டவே இல்லை. ஏன்னா நான் தினமும் பாக்குற ஸ்லைடு அப்படிச் சொல்லலை.

நான் வேலை பாக்குறது ஹிஸ்டோபேத்தாலஜி லேப்ல, அதாவது திசுவை மைக்ரோஸ்கோப்ல பாத்து நோயைக் கண்டுபிடிக்கிற இடத்துல. திசு ஃபார்மலின்ல ஊறி எங்ககிட்ட வரும், அதை மெழுகுல பிளாக் போட்டு மைக்ரோடோம்ல மூணு நாலு மைக்ரான் கனத்துக்கு சீவி, சாயம் ஏத்தி, ரிப்போர்ட் எழுதுற டாக்டர் மேடம் மேசைக்கு அனுப்பணும். லிவர் கேன்சர்ல ஒரு விஷயம் என்னன்னா சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போன நிலை, இருக்கிறவங்களுக்கு சிடி, எம்ஆர்ஐ வச்சே பெரும்பாலும் முடிவு பண்ணிடுவாங்க, பயாப்ஸிக்குப் போறதில்லை, அதனால எங்ககிட்ட வர்றது சந்தேகமான கேஸ், ஆபரேஷன்ல வெட்டி எடுத்த கட்டி, அப்புறம் ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணும்போது எடுத்த முழு ஈரல். முழு ஈரலை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பத்தை பத்தையா அறுத்து ட்ரேல வரிசையா அடுக்கும்போதே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். குடியால போன ஈரல் பெரும்பாலும் மூணு மில்லிமீட்டருக்கும் கீழ பொடிப்பொடி முண்டா இருக்கும், ஹெபடைடிஸ் பி வைரஸ் தாக்கின ஈரல்ல முண்டு பெருசு பெருசா ஒழுங்கில்லாம இருக்கும். பித்தம் சுரக்குற கட்டியா இருந்தா ஃபார்மலின்ல கிடந்து பச்சையா மாறியிருக்கும், அதைத் தேடவே வேண்டாம். இவ்வளவும் பாத்துட்டு கூட வந்த ஃபார்மை எடுத்தா நோயாளியோட ஹிஸ்டரி எழுதுற கட்டத்துல "லிவர் கேன்சர்"னு மட்டும் எழுதியிருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. வைரஸா, குடியா, சுகரா, எதுவுமே இல்லை.

கட்டியைச் சுத்தி யாரு நிக்கிறா

ஈரலுக்கு வர்ற ரத்தத்துல முக்கால்வாசி நேரா குடல்லருந்து போர்ட்டல் வெயின் வழியா வருது. நாம சாப்பிட்ட சாப்பாட்டோட சத்து மட்டும் இல்லை, குடல் பாக்டீரியாவோட துண்டு துணுக்கும் அதுல வரும். இதுக்காகவே ஈரலோட நுண்குழாய் சுவர்ல குப்ஃபர் செல்னு ஒரு மேக்ரோஃபேஜ் கூட்டம், அதாவது வேண்டாததை விழுங்குற செல்லுங்க, குடியிருக்கு, உடம்புல திசுக்களுக்குள்ள இருக்குற மேக்ரோஃபேஜ்ல பெரும்பங்கு இங்கதான். கல்யாண வீட்டு வாசல்ல பன்னீர் தெளிச்சு வரவேற்கிறவர் வர்ற எல்லாரையும் சிரிச்சு உள்ள அனுப்பிக்கிட்டே செருப்பு திருட வந்தவனை மட்டும் கண்ணுல வச்சுக்கணும் இல்லையா, குப்ஃபர் செல்லோட வேலை அப்படித்தான், பொறுத்துப் போறதுதான் அதோட இயல்பு. எல்லாத்துக்கும் சண்டைக்குப் போனா ஈரல் ஒரு வாரம் தாங்காது. அது போக, கெட்டுப்போன செல்லைக் கொல்ற என்கே செல் இருக்கு. ரத்தத்துல கொஞ்சமாத்தான் இருக்கும், ஈரல்ல இருக்குற லிம்ஃபோசைட்ங்கிற வெள்ளையணுக்கள்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல, சில பேருக்குப் பாதி வரைக்கும் இதுதான். இதெல்லாம் முன்னபின்ன பாத்துப் பழகின எதிரிக்காகக் காத்திருக்காது, பிறவியிலேயே தெரிஞ்ச சில அடையாளங்களை வச்சு உடனே வேலையில இறங்கும். எனக்குப் புரிஞ்ச வரைக்கும் லிவர் கேன்சரோட கதை முக்கால்வாசி இதுங்க எப்படி மாறிப்போச்சுங்கிற கதைதான், அந்த மாற்றம் காரணத்துக்குக் காரணம் வேற.

ஸ்லைடுல பாத்தா இது புரியும். குடியால வந்த ஈரல் அழற்சியில செல்லு ஊதிப் பெருத்து வெளுத்துக் கிடக்கும், உள்ள சிவப்பா கயிறு முறுக்கின மாதிரி மாலரி பாடிங்கிற புரோட்டீன் கட்டு, அதைச் சுத்தி வட்டம் கட்டி நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளையணு நிக்கும். முதல் தடவை பாத்தவங்க கூட மறக்க மாட்டாங்க. ஹெபடைடிஸ் சி ஈரல்ல ரத்தக்குழாய் உள்ள நுழையிற போர்ட்டல் பகுதியில லிம்ஃபோசைட் உருண்டை உருண்டையா சேந்திருக்கும். ஹெபடைடிஸ் பி ஈரல் ரொம்ப அமைதியா இருக்கும், சைட்டோபிளாசம் மங்கின கண்ணாடி மாதிரி சில செல்லு, உள்ள முழுக்க வைரஸோட சர்ஃபேஸ் புரோட்டீன் அடைச்சு வச்சிருக்கும், ஆர்சின் சாயம் போட்டா பழுப்பா எந்திரிச்சு நிக்கும், ஆனா பக்கத்துல பல நேரம் ஒரு இம்யூன் செல் கூட இருக்காது. கட்டிக்குள்ள போனா இன்னொரு விஷயம், கட்டி முரடாக ஆக குப்ஃபர் செல் குறைஞ்சுக்கிட்டே வரும். எம்ஆர்ஐக்கு இரும்பு ஆக்சைடு மருந்து குத்தி எடுக்குறதுன்னு முன்னாடி ஒரு முறை இருந்துச்சு, நல்ல ஈரல்ல குப்ஃபர் செல் அந்த இரும்பை விழுங்கி படத்துல கறுப்பாயிடும், கட்டியில விழுங்க ஆள் இல்லாததால அது மட்டும் வெளுப்பா தெரியும்.

சத்தமே போடாத வைரஸ்

ஹெபடைடிஸ் பி ஏன் இவ்வளவு அமைதின்னு யோசிச்சிருக்கேன். அமெரிக்காவுல ஸ்டெஃபான் வீலாண்டும் ஃப்ரான்சிஸ் சிஸாரியும் 2004ல சிம்பன்சி ஈரலை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வைரஸ் உள்ள நுழைஞ்சு பரவுற அந்த ஆரம்பக் கட்டத்துல ஈரலோட ஜீன்கள் கிட்டத்தட்ட எதுவுமே அசையலை. ஹெபடைடிஸ் சி நுழைஞ்சா வைரஸுக்கு எதிரா எச்சரிக்கை குடுக்குற இன்டர்ஃபெரான் ஜீன்லாம் உடனே கூச்சல் போட ஆரம்பிக்குது, பி வந்ததே யாருக்கும் தெரியலை. பிறக்கும்போது அம்மாகிட்டருந்து வந்த வைரஸ் முப்பது நாப்பது வருஷம் உள்ள இருக்கும், ஆளுக்கு ஒண்ணுமே தெரியாது. அது தன்னோட டிஎன்ஏவை நம்ம டிஎன்ஏக்குள்ளயே செருகிக்கும், அதனால சிரோசிஸ் வராமயே நேரா கேன்சர் வர்றதும் இதுல நடக்குது. நாளடைவுல ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டான்னு அடக்கி வைக்கிற சிக்னல்கள் கூடிப்போய் என்கே செல் பக்கத்துலயே இருந்தும் இன்டர்ஃபெரான் காமாங்கிற தாக்குதல் சிக்னலைச் சுரக்காம கைய கட்டிக்கிட்டு நிக்கும். சிங்கப்பூர் குழு ஒண்ணு 2019ல காட்டினதும் இதே திசையில இருந்துச்சு, ஹெபடைடிஸ் பியால வந்த கட்டிக்குள்ள இம்யூனை அடக்குற செல்கள் வைரஸ் இல்லாத கட்டியை விட அதிகம்னு.

அஃப்லாடாக்சினைப் பத்தி ஒரு வரி சொல்லிட்டுப் போயிடுறேன். பூஞ்சை பிடிச்ச கடலை, மக்காச்சோளத்துல வர்ற அந்த விஷம் இம்யூன் செல் வழியா சுத்திக்கிட்டு வராது, நேரா கேன்சரைத் தடுக்குற பி53 ஜீன்ல 249வது இடத்துல கை வைக்கும், கூட ஹெபடைடிஸ் பியும் இருந்தா ஆபத்து பல மடங்கு. பூஞ்ச வாடை அடிக்கிற கடலையை வறுத்தா சரியாயிடும்னு நினைக்காதீங்க, தூக்கிப் போடுங்க.

குடிக்கவே குடிக்காதவரோட ஈரல்

என் மனசை மாத்தினது ஒரு மகள். அப்பாவோட ஸ்லைடையும் பிளாக்கையும் செகண்ட் ஒப்பீனியனுக்கு வாங்கிட்டுப் போக வந்திருந்தாங்க. ரிஜிஸ்டர்ல கையெழுத்து போட்டுட்டு நகராம நின்னாங்க. "சார், இதுல பாத்தா அவர் குடிக்கலைன்னு தெரியுமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு முதல்ல புரியலை. "எங்கப்பா வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்லை சார், இருபது வருஷமா சுகர் மட்டும்தான். இப்ப சித்தப்பாவே 'அண்ணன் மறைச்சு மறைச்சு குடிச்சிருப்பார்'னு பேசுறார், அம்மாவால வெளிய தலை காட்ட முடியலை"ன்னு சொல்லும்போது அந்தப் பொண்ணு குரல் உடைஞ்சு போச்சு. ரிப்போர்ட்டைப் பத்தி நான் பேசக்கூடாது, மேடம்கிட்ட கூட்டிட்டுப் போனேன். மேடம் மைக்ரோஸ்கோப்பைத் திருப்பி வச்சு கட்டியைக் காட்டலை, கட்டியிலருந்து தள்ளி எடுத்த பிளாக்கைக் காட்டினாங்க. வட்ட வட்டமா கொழுப்பு, நடுவுல ஊதின செல், சர்க்கரை வியாதில வர்ற மாதிரி உள்ள காலியாத் தெரியிற நியூக்ளியஸ். "ஸ்லைடை மட்டும் வச்சு குடிக்கலைன்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாதும்மா, ஆனா சுகரும் கொழுப்பும் சேந்தா இப்படித்தான் இருக்கும், உங்கப்பாவுக்கு இருந்த சுகருக்கும் இதுக்கும் நல்லா பொருந்துது"ன்னு மேடம் சொன்னாங்க. அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

அன்னைக்கு வரைக்கும் கட்டிக்கு வெளிய எடுக்குற அந்த பிளாக்கை நான் ஒரு நடைமுறையாத்தான் பாத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம்தான் ஃபேட்டி லிவர் கேன்சரைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், அப்ப கண்ணுல பட்டதுதான் ஜெர்மனியில ஹைடல்பெர்க் நகரத்துல மத்தியாஸ் ஹைக்கன்வெல்டர் குழு 2021ல நேச்சர் இதழ்ல போட்ட ஆய்வு. கொழுப்பு ஈரல் அழற்சி வர வச்ச எலிகளுக்குக் கட்டியும் வந்ததும் பிடி-1 தடுப்பு மருந்து, அதாவது இன்னைக்கு இம்யூனோதெரபின்னு நம்ம ஊர்லயும் போடுறாங்களே அந்த வகை, அதைக் குடுத்திருக்காங்க. கட்டியில சிடி8ங்கிற கொல்ற டி செல் ஏற்கனவே எக்கச்சக்கம், பிடி-1ங்கிற பிரேக்கை எடுத்துவிட்டா கட்டியைத் தின்னுடும்னு யாரும் எதிர்பார்ப்பாங்க. கட்டி குறையலை. கட்டி வர்றதுக்கு முன்னாடியே தடுப்பா குடுத்த எலிகள்ல கட்டி இன்னும் அதிகமா வந்துச்சு. அதே இதழ்ல ம்யூனிக்லருந்து பெர்சி நோல குழு இதுக்கு விளக்கம் மாதிரி ஒண்ணு போட்டாங்க, கொழுப்பு ஈரல்ல இருக்குற இந்த டி செல்லுங்க எதிரியோட அடையாளத்தைப் பாத்து அடிக்கிறதையே விட்டுட்டு ஐஎல்-15, அசிடேட்னு சுத்துப்புறம் குடுக்குற தூண்டுதல்லயே பக்கத்துல இருக்குற செல்லை எல்லாம் கொல்லுதாம். நான் இதைப் படிச்சப்ப தோணினது, அடையாளம் பழகி அடிக்க வேண்டிய செல்லே இங்க பிறவி எதிர்ப்புச் செல் மாதிரி கண்மூடித்தனமா நடக்குதுன்னா அந்தச் சுத்துப்புறத்தை இப்படி ஆக்கினது யாருன்னு பாக்கணும் இல்லையா.

பல ஆய்வுகள் கை காட்டுறது மேக்ரோஃபேஜ், நியூட்ரோஃபில் பக்கம். கொழுப்பு ஏறின எலி ஈரல்ல பழைய குப்ஃபர் செல் செத்துப் போகுது, அந்த இடத்துக்கு எலும்பு மஜ்ஜையிலருந்து மோனோசைட்ங்கிற புது வெள்ளையணு வந்து உக்காந்து மேக்ரோஃபேஜா மாறுது, பொறுத்துப் போற அந்தப் பழைய பக்குவம் புதுசா வந்ததுக்கு அப்படியே வர்றதில்லை. நியூட்ரோஃபில் தன்னோட டிஎன்ஏவையே வலையா வெளிய வீசும், கிருமியைப் பிடிக்க வேண்டிய அந்த வலை கொழுப்பு ஈரல்ல அழற்சியையும் கட்டியையும் வளத்து விடுதுன்னு பிட்ஸ்பர்க்ல 2018ல எலிகள்ல காட்டினாங்க. குடியிலயும் நியூட்ரோஃபில் உண்டு, ஆனா அங்க வாசல் வேற. சாராயத்தால குடல் சுவர் ஒழுகி பாக்டீரியாவோட எண்டோடாக்சின்ங்கிற விஷம் ஈரலுக்கு வந்து, குப்ஃபர் செல் டிஎன்எஃப்ங்கிற அழற்சி சிக்னலைக் கொட்டி, அது கூப்பிட்டுத்தான் நியூட்ரோஃபில் வருது. ஸ்லைடுல ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், வந்த வழி ஒண்ணு இல்லை.

நியூட்ரோஃபிலை ஏன் இவ்வளவு பேசுறேன்னா 2022ல பிரிட்டன்ல நியூகாசில், கிளாஸ்கோ ஆளுங்க சேந்து ஒண்ணு பண்ணினாங்க. சிஎக்ஸ்சிஆர்2ங்கிறது நியூட்ரோஃபில் மேல இருக்குற ஒரு ஏற்பி, அதை அடைக்கிற மருந்தை பிடி-1 தடுப்போட சேத்து கொழுப்பு ஈரல் கட்டி இருக்குற எலிகளுக்குக் குடுத்தாங்க. இம்யூனோதெரபி தனியா எடுபடாத அதே எலிகள்ல கட்டிச் சுமை குறைஞ்சு ஆயுசு கூடிச்சு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா நியூட்ரோஃபில் அங்கயே இருந்துச்சு, குணம் மாறி, எதிரியை அடையாளம் காட்டுற டென்ட்ரிடிக் செல்லோடயும் சிடி8 செல்லோடயும் கொத்தா சேந்து கட்டிக்கு எதிரா நின்னுச்சு. கெட்டது பண்ணிட்டு இருந்த செல்லையே பக்கம் மாத்த முடியும்னு ஒரு எலியில பாத்தா கூட எனக்கு அது சின்ன விஷயமா தெரியலை.

ஒரே ஈரல்ல ரெண்டு காரணம்

இப்ப மனுஷங்க கதைக்கு வரணும். 2020ல அட்டிசோலிசுமாப்ங்கிற இம்யூனோதெரபியையும் பெவசிசுமாப்ங்கிற மருந்தையும் சேத்துக் குடுத்த ட்ரையல் வெளிவந்துச்சு, 501 பேர். அதுவரைக்கும் பத்து வருஷத்துக்கு மேல முதல் மருந்தா இருந்த சோராஃபெனிப் மாத்திரையை அது தோக்கடிச்சது. பின்னாடி வந்த கணக்குல சராசரி ஆயுசு 13.4 மாசத்துலருந்து 19.2 மாசமாச்சு, இந்த நோய்ல அது பெரிய விஷயம். ஆனா காரணம் வாரியா பிரிச்சுப் பாத்தா வைரஸால வந்தவங்களுக்கு லாபம் தெளிவா தெரிஞ்சுது, வைரஸ் இல்லாதவங்களுக்கு சோராஃபெனிபை விட மேல்னு சொல்ல முடியலை. ஹைடல்பெர்க் குழுவும் மூணு பெரிய ட்ரையலைச் சேத்து 1,600க்கும் மேல நோயாளிகளைக் கணக்கு போட்டு அதையேதான் சொன்னாங்க. படிச்சப்ப எனக்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தின மாதிரி இருந்துச்சு.

அப்படி நினைச்சுட்டு நிக்க விடலை அடுத்து வந்த ட்ரையல். ட்ரெமிலிமுமாப், டுர்வாலுமாப்ங்கிற இம்யூனோதெரபி ஜோடியில வைரஸ் இல்லாதவங்களுக்கும் லாபம் இருந்துச்சு, ஹெபடைடிஸ் சி இருந்தவங்ககிட்டதான் பெருசா தெரியலை. ஹெபடைடிஸ் சி ஆளுங்களுக்கு சோராஃபெனிபே மத்தவங்களை விட நல்லா வேலை செய்யும், அதனால ஒப்பிடும்போது வித்தியாசம் அமுங்கிப் போகும்னு ஒரு வாதமும் இருக்கு. "வைரஸ் இல்லாதவங்க"ங்கிற கூடைக்குள்ள குடி, கொழுப்பு, காரணமே தெரியாததுன்னு எல்லாத்தையும் போட்டிருக்காங்க, குடிக்கும் கொழுப்புக்கும் செல்லோட பாதை வேறன்னு மேல பாத்தோமே, அதை ஒண்ணாக் கலந்துட்டு தனித்தனி பதில் எப்படிக் கிடைக்கும்? அதனால சிகிச்சை வழிகாட்டிகள் காரணத்தை மட்டும் வச்சு மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலை, அது நியாயம்தான். இதைப் படிக்கிற யாரும் வீட்டுல ஃபேட்டி லிவர் கேன்சர் இருக்கிறவருக்கு இம்யூனோதெரபி வேண்டாம்னு முடிவு பண்ணிடாதீங்க, கை எடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல், காரணம் தனியா வர்றதே இல்லை. ஹெபடைடிஸ் பி இருக்குறவர் குடிக்கவும் செய்வார், சுகரும் இருக்கும். வைரஸ் அடக்கி வச்ச என்கே செல், சாராயம் உசுப்பிவிட்ட குப்ஃபர் செல், கொழுப்பு கூப்பிட்டு வந்த நியூட்ரோஃபில், எல்லாம் ஒரே ஸ்லைடுல. ஆணா பொண்ணாங்கிறதும் இதுல உண்டு, ஈஸ்ட்ரஜன் குப்ஃபர் செல் ஐஎல்-6ங்கிற அழற்சி சிக்னலைச் சுரக்குறதை அடக்குதுன்னும் அதனாலதான் பெண் எலிக்குக் கட்டி குறைவுன்னும் 2007லயே சயின்ஸ் இதழ்ல காட்டியிருக்காங்க. ஆம்பளைங்களுக்கு லிவர் கேன்சர் அதிகம்னா உடனே குடியை நினைக்கிறோம், குடி ஒரு பங்குதான்.

அந்த டீ பிரேக் பேச்சுக்கு என் பதில் இதுதான். காரணத்தைக் கேக்கணும், விடாம கேக்கணும், ஆனா ஃபார்ம்ல எழுதுறதுக்காகக் கேக்கணும். ஹெபடைடிஸ் பின்னு தெரிஞ்சா கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாரும் ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கலாம், இல்லாதவங்களுக்கு ஊசி போடலாம். தைவான்ல 1984ல பச்சக் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி ஆரம்பிச்சாங்க, 6லருந்து 14 வயசுப் பிள்ளைகள்ல லிவர் கேன்சர் லட்சத்துக்கு 0.70லருந்து 0.36க்கு இறங்கினதை 1997ல எண்ணிக் காட்டினாங்க. ஒரு ஊசியால ஒரு கேன்சர் பாதியா குறைஞ்சிருக்கு, காரணம் என்னன்னு கேட்டதாலதான் அது நடந்துச்சு. காரணத்தை எழுதாத ஃபார்ம்ல ஒரு குடும்பத்துக்கே போக வேண்டிய எச்சரிக்கை நின்னு போகுது.

காரணம் போனா செல்லும் திரும்புமா

இப்ப நான் அதிகமா யோசிக்கிறது இதைத்தான். இதுக்கு நல்ல சோதனை ஹெபடைடிஸ் சி. 1989ல கண்டுபிடிச்ச வைரஸ், இப்ப மூணு மாச மாத்திரையில நூத்துக்கு 95 பேருக்கு மேல முழுசா போயிடுது, ஒரு நாள்பட்ட வைரஸை உடம்பை விட்டே துரத்துறதுன்னா அதிசயம்தான். வைரஸ் இருக்கும்போது என்கே செல் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், கொல்ற வேகம் கூடியிருக்கும், ஆனா இன்டர்ஃபெரான் காமா சுரக்குறது குறைஞ்சிருக்கும். மாத்திரை போட்டு வைரஸ் போனதும் அந்தச் சாய்வு பெருமளவு சரியாகுதுன்னு பாத்திருக்காங்க. ஆனா ஈரல் எல்லாத்தையும் மறக்குறதில்லை. வைரஸ் போன ஈரல் செல்லோட டிஎன்ஏ சுத்தி வச்சிருக்குற புரோட்டீன்ல பழைய குறிகள் அப்படியே இருக்குன்னும், கேன்சர் ஆபத்தோட அதுக்குத் தொடர்பு இருக்குன்னும் 2019ல வந்துச்சு. தழும்பும் ஒரே நாள்ல கரையாது, தழும்போட ஓரத்துல குடியேறின மேக்ரோஃபேஜும் உடனே கிளம்பிடாது.

எங்க லேபுக்கு வர்ற ஈரல்ல சிலது இப்படி ஹெபடைடிஸ் சி போனவங்களோடது. வைரஸ் டெஸ்ட் நெகடிவ்னு ரிப்போர்ட் பின் பண்ணியிருக்கும், ட்ரேல கட்டி இருக்கும். "வைரஸ்தான் போயிடுச்சே"ன்னு ஸ்கேனுக்குப் போறதை விட்டவங்க இதுல உண்டு, யாருமே அவங்களைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை. சிரோசிஸ் வந்த பிறகு வைரஸ் போயிருந்தாலும், குடியை நிறுத்தியிருந்தாலும், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வயித்து அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கிட்டே இருக்கணும், கூட கட்டிக்கு அடையாளமா ஏஎஃப்பிங்கிற ரத்த டெஸ்ட்டும் பாப்பாங்க. சின்னதா இருக்கும்போது பிடிச்ச கட்டியை வெட்டலாம், சூட்டால பொசுக்கலாம், ஈரலையே மாத்தலாம். உங்க வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா அவரோட கடைசி ஸ்கேன் தேதி என்னன்னு இன்னைக்கே ஃபைலை எடுத்துப் பாருங்க.